முகத்துவாரத்துக்கு நேரம் குறித்த சிங்காரம்

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்கள் என்னும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டு வாழ்ந்த காலத்தில், செத்துப்போன ஒல்லாந்துக்காரர்களுக்கெல்லாம் கல் கிடைத்தது. கல்லில் பேர், பதவி, அதற்குக் கீழே ஒரு மண்டை ஓடு. சிங்காரத்துக்குக் கல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் பார்த்த உத்தியோகத்தை அதில் வெட்ட எந்தச் சிற்பியும் சம்மதித்திருக்க மாட்டான். ஊருக்குத் தப்பாகச் சொல்வதுதான் அவர் உத்தியோகம்.

எப்போதாவது தப்பாகச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. சிங்காரம் பிசகாமல் தப்பாகச் சொன்னார். தண்ணீர் ஏறும் என்றார், இறங்கியது. இறங்கும் என்றார், ஏறியது. எப்போதும் சரியாகச் சொல்கிறவனும் எப்போதும் தப்பாகச் சொல்கிறவனும் ஊருக்கு ஒரே விலைதான். என்ன, இரண்டாமவன் சொன்னதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் நின்று பாதி சரியும் பாதி தப்புமாகச் சொல்கிறார்களே, அவர்களை வைத்துக்கொண்டுதான் ஒரு காரியமும் ஆகாது. அவர்கள் பெரும்பாலும் பெரிய இடங்களில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சிங்காரம் பிறந்தது சுண்ணாம்புக்குளத்தில். பழவேற்காட்டு ஏரிக்கு அது வால் பக்கம். கடல் எந்தத் திசை என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள், ஆனால் கடலின் சத்தம் அங்கே கேட்காது. நைனாவோடு வலை இழுத்த வயதிலேயே நிலாவையும் தண்ணீரையும் முடிச்சுப் போட்டு மனப்பாடம் செய்துவிட்டார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காலையில் தண்ணீர் வற்றும், உச்சி சாய்ந்தால் ஏறும். அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தள்ளிப்போகும். இதில் அவர் கெட்டிக்காரர். சுண்ணாம்புக்குளத்தில் அவர் சொன்ன சொல் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.

பிறகு கல்யாணம் ஆயிற்று.

எல்லம்மா முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த மீனவர் குப்பத்துப் பெண். ஏரியும் கடலும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் அது. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே சிங்காரம் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனார். போன மறுநாளே, "தண்ணி ஏறப்போகுது" என்று மாமனாரின் தோணியைக் கரையோரம் விட்டுவைத்தார். தண்ணீர் இறங்கியது. தோணி சேற்றில் எருமை மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதற்கடுத்த வாரம், "இப்போ எறங்கும்" என்று கயிற்றைக் கட்டாமல் விட்டார். தண்ணீர் ஏறி, தோணி தானாகப் புறப்பட்டுக் கோட்டைப் படித்துறைக்குப் போய், அங்கே துணி மூட்டை ஏற்ற வந்த தோணிகளோடு வரிசையில் நின்றது. மாமனார் திட்டவில்லை. மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது. அதனால் தோணியைத் திட்டினார்.

"இந்த ஊரு தண்ணிக்கு ஒழுங்கே இல்ல" என்றார் சிங்காரம். தான் பிறந்த தண்ணீர்தான் தண்ணீர் என்று நினைப்பது மனித சுபாவம். தண்ணீர்தான் மாற வேண்டும், தான் மாற வேண்டியதில்லை என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

இதை முதலில் கண்டுகொண்டவர் ஊர்த் தலைவர் பச்சைமுத்து நாட்டார். அதுவரை தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று குப்பத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும், ஐந்தாவதாக ஒரு அடிதடி வரும். நாட்டார் ஒரு நாள் சிங்காரத்தைக் கூப்பிட்டார்.

"இன்னா மாப்ள, நாளைக்கு எப்போ எறங்கும்?"

"விடிஞ்சதும் எறங்கும் நாட்டாரே."

"அப்படியா? சரி. டேய், விடிஞ்சா தண்ணி ஏறும், வலைய மேல கட்டுங்கடா."

ஏறியது. அன்றிலிருந்து அடிதடி நின்றது. நாலு பேரும் தங்கள் நாலு பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிங்காரத்தின் ஒரு பதிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நன்றிக்காக ஒவ்வொரு தோணியிலிருந்தும் ஒரு கை மீன் அவர் வீட்டுக்குப் போயிற்று. இதில் ஒரு வினோதம் நடந்தது. ஏழெட்டு வருஷத்தில் குப்பத்தில் ஒருவரும் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை என்றாகிவிட்டது. எதற்குப் பார்க்க வேண்டும்? சிங்காரத்தைப் பார்த்தால் போதுமே.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்றுகூட வந்து கேட்டார்கள். அதில் பாதி சரியாகிப் போயிற்று. சரியாகிப்போன அன்றைக்கெல்லாம், "இன்னிக்கு அவன் மனசு சரியில்ல, யோசிச்சு சொல்லல" என்று மன்னித்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு முறை சிங்காரத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று, மனசில் நினைத்ததற்கு நேர்மாறாகச் சொன்னார். அவர்கள் வழக்கம்போல் அதைத் திருப்பினார்கள். அன்றைக்கு வலைகளெல்லாம் காற்றில் காய்ந்தன. நாட்டார் கொதித்துப்போய் ஒரு கட்டுப்பாடு போட்டார்: இனி சிங்காரம் சொல்லும்போதெல்லாம் ஏரித் தண்ணீரில் கையை நனைத்து, எல்லையம்மன் மேல் ஆணையிட்டு, மனசில் பட்டதை மட்டுமே சொல்ல வேண்டும். தப்பு சத்தியமான தப்பாக இருக்க வேண்டும்.

இவ்வளவு மரியாதை இருந்தும் சிங்காரத்துக்கும் எல்லம்மாவுக்கும் ஒன்று மட்டும் இல்லை. பாடு இல்லை.

ஏரியில் மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் கம்பு நட்டு வலை கட்டினால் இறால் கொட்டும். சில இடங்களில் பாசிதான் வரும். அதனால் எந்த இடம் எந்த வீட்டுக்கு என்று வருஷத்துக்கு ஒரு தடவை குடத்தில் ஓலைத் துண்டு போட்டுச் சீட்டு எடுப்பார்கள். அதற்குப் பேர் பாடு. குடத்தில் ஓலை விழுகிற வீடுதான் ஊரில் வீடு. எல்லம்மாவின் அப்பா இருந்தவரை அவர் ஓலை விழுந்தது. அவர் போன பிறகு விழவில்லை. வந்தேறி மாப்பிள்ளைக்கு ஓலை கிடையாது என்பது வழக்கம். கை நிறைய மீன் கொடுத்தார்கள்; ஆனால் அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மீன். எல்லம்மா அதைக் குழம்பு வைக்கும்போதெல்லாம் குழம்பில் உப்பு தானாகவே கூடிப்போகும்.

"அடுத்தவாட்டி முகத்துவாரத்த மணல் அடைச்சிக்கிச்சுன்னா, நேரம் பாத்து வெட்டித் தொறக்கணும். அத்த உன் புருசன் நல்லபடியா சொல்லி முடிக்கட்டும். அந்த வருசமே குடத்துல உங்க ஓலையப் போட்டுர்றேன்" என்று நாட்டார் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நல்லபடியாக என்றால் தப்பாக.

இந்த நிலைமையில்தான் பங்குனி அமாவாசைக்கு சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாணம் வந்தது. புருஷனும் பெண்சாதியும் காலையில் தோணியில் புறப்பட்டார்கள். புறப்படும்போது குப்பத்துத் துறையில் தண்ணீர் நிறைந்து நின்று, மெள்ள இறங்கத் தொடங்கியிருந்தது. பாய்க்குத் தென்காற்று பிடித்துச் சுண்ணாம்புக்குளம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எல்லம்மா காலைக் கழுவக் கரையோரம் ஒரு முளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணுக்காலில் இருந்த தண்ணீர், கொலுசைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் கெண்டைக்காலுக்கு வந்தது.

"யோவ், இங்க வா. இது ஏறுதுய்யா!"

"அமாவாச ஆச்சே. உச்சிக்கு ஏறத்தான் செய்யும். நான் சொல்லல?"

"அங்க நாம கெளம்பறப்போ எறங்கிச்சே?"

"அந்த ஊரு தண்ணிக்கு ஒழுங்கில்லன்னு எத்தினிவாட்டி சொல்லிகீறேன்."

எல்லம்மா முளையை விடவில்லை. கல்யாண வீட்டில் மேளம் கேட்டது, அவள் அசையவில்லை. "யோவ், ஒழுங்கு இல்லாம இல்ல. அங்க ஏறின தண்ணிதான் இங்க இப்போ வருது. நாம தோணில வந்தோம். அது நடந்து வந்துச்சு."

சிங்காரம் அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்குக் கட்டிய புது வேட்டி.

அவள் சொன்னதுதான் விஷயம். கடல் ஏறும்போது தண்ணீர் முழுவதும் ஒரு சின்ன வாய் வழியாகத்தான் ஏரிக்குள் நுழைய வேண்டும். நுழைந்த பிறகும் ஏரி இடுப்பளவுதான் ஆழம்; அடியில் சேறு, பாசி, மணல் திட்டு. தட்டுத் தடுமாறி அது வால்வரை போய்ச் சேர்வதற்குள் கடல் இறங்கத் தொடங்கிவிடும். முதல் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில்தான் கடைசி வரிசைக்குச் சோறு வருகிற மாதிரி. ஒரே ஏரி, ஒரே நிலா, ஒரே நாள். தலையில் வற்றும்போது வாலில் ஏறும். சிங்காரம் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. சரியானதைத் தப்பான ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முகூர்த்தத்தில் அட்சதை போட மறந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் தண்ணீர் எப்படி நடக்கிறது என்று விளக்கினார். எல்லம்மா அவரைத் தனியே இழுத்துப் போனாள்.

"இத்த ஊர்ல மூச்சு உடாத. நீ தப்பா சொல்றவன்னுதான் நாட்டாரு வாக்கு குடுத்துகீறாரு. சரியா சொல்ற ஆளுக்கு இன்னாத்துக்கு ஓல போடுவாரு?"

"தெரிஞ்சத தெரியாதுன்னா சொல்ல சொல்ற?"

"ஒரே ஒருவாட்டி. ஓல உழுந்ததுக்கு அப்பறம் ஊரெல்லாம் கூவிக்கோ."

அவர் தலையாட்டினார். தலையாட்டுவது எளிது, கை காய்ந்திருக்கும்போது.

அன்றாடம் தண்ணீர் நேரம் கேட்டவர்களுக்கு அவர் கையை நனைத்துச் சுண்ணாம்புக்குளத்து நேரத்தையே சொன்னார்; கடலைக் கேட்காதவரை அது சத்தியம்தான். சித்திரை, வைகாசியில் தென்காற்று அலையைச் சாய்வாகக் கரையில் அடித்தது. ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலை எடுத்துக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்தது. ஒரு பிடிதான், ஆனால் அலைக்கு வேறு வேலை கிடையாது. ஆறுகள் வற்றிப்போய், வாயில் வந்து விழும் மணலை வெளியே துப்ப ஏரிக்குப் பலம் இல்லை. ஆனி முடிவதற்குள் முகத்துவாரம் பூட்டிக்கொண்டது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி குடும்பம் நடத்தக் கடலுக்குப் போகிறவை. அவற்றுக்கும் வழி அடைந்தது. உள்ளே ஏரி வெயிலில் சுண்டிச் சுண்டி ஊறுகாய்த் தண்ணீராயிற்று.

ஐப்பசியில் வாடைக் காற்றோடு மழை வந்தது. ஆரணியாறும் காளங்கியாறும், எங்கேயோ மேற்கே பெய்த மழையையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டின. போக வழி இல்லாத தண்ணீர் பின்பக்கம் ஏறியது. திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் வயல்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அங்கிருந்து உலகநாதன் என்ற விவசாயி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்துக்கே வந்துவிட்டார்.

"நாட்டாரே, உங்க ஏரி எங்க வூட்டு அடுப்பாண்ட வந்து நிக்குது. இன்னைக்கே வெட்டுங்க."

"வெட்டுனா மட்டும் போதுமாய்யா? ஏரி நல்லா ஒசந்து கீது. கடலும் எறங்கி இருக்கணும். அப்போதான் தண்ணி பாய்ஞ்சு மணல அறுத்துகினு போவும். கடல் ஏறி இருக்கறப்போ வெட்டுனா, அலை உள்ள வந்து வெட்டுன குழிய அதுவே மூடிட்டுப் போயிடும்."

"கடல் எப்போ எறங்கும்?"

"அதுக்குத்தான் ஆளு கீறானே."

அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் ஊர் கூடியது. கோட்டைச் சரக்கைத் தோணிகளில் கப்பலுக்கு அனுப்பும் வியாபாரி கௌஸ் மைதீன் மரைக்காயரும் வந்திருந்தார். அவருடைய துணி மூட்டைகள் முகத்துவாரம் திறக்காமல் கரையில் கிடந்து பூசணம் பூத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் வேலிக்கம்பைப் போல் நிமிர்ந்து சிங்காரத்தைப் பார்த்தார்கள். கடலைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்திருந்தாலும், வாடை அலை வீடு உயரம் எழும்பி விழுகிற அடியில் எது ஏற்றம், எது வற்றம் என்று யாருக்குத் தெரியும்?

நாட்டார் சொன்னார்: "சிங்காரம், கைய நனை. அம்மன் மேல ஆணையா, மனசுல இன்னா கீதோ அத்த சொல்லு. நாளைக்கு கடல் எப்போ எறங்கும்?"

சிங்காரம் குனிந்து கையை நனைத்தார். பின்னாலிருந்து எல்லம்மா அவர் முதுகில் கிள்ளினாள். காலை என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். ஊர் அதைத் திருப்பிப் போட்டு மத்தியானம் வெட்டும், முகத்துவாரம் திறக்கும், குடத்தில் ஓலை விழும். அவர் வாயைத் திறந்தார். ஈரக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மத்தியானம்" என்றார்.

"கேட்டுக்கினீங்களா? விடிஞ்சதும் வெட்டுறோம்" என்றார் நாட்டார்.

"ஐயோ நாட்டாரே, இல்ல! மத்தியானம்னா மத்தியானந்தான்!"

"அதான் சொன்னியே. அதனாலதான் காலைல."

"இந்தவாட்டி நான் சொல்றது சரி!"

"எந்தவாட்டி நீ தப்புன்னு சொல்லிகினே சொன்ன?"

கூட்டம் சிரித்தது. சிங்காரம் சுண்ணாம்புக்குளத்து முளையிலிருந்து தொடங்கி, தண்ணீர் நடந்து போகிற வழியை மண்ணில் கோடு போட்டு விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். நாட்டார் கடைசிவரை கேட்டார்.

"அப்போ, நீ ஏன் தப்பா சொல்றேன்னு கண்டுபுடிச்சிட்ட?"

"ஆமா நாட்டாரே."

"கண்டுபுடிச்சது நீதானே?"

"நானும் எல்லம்மாவும்."

"நீ கண்டுபுடிச்சா அது தப்பாதான்யா இருக்கும்."

இந்தத் தர்க்கத்துக்கு எதிரே எந்தச் சாஸ்திரமும் நிற்காது. மரைக்காயர் தொண்டையைக் கனைத்தார். "நாட்டாரே, கோட்டைல தொரையும் உச்சி சாய்ஞ்சாதான் கடல் எறங்கும்னு சொன்னாரு. கப்பல்காரங்க கடல்லயே கெடக்குறவங்க."

"பாத்தீங்களா! அவரும் வெளியூருலேந்து வந்தவருதானே? இவன மாதிரிதான்" என்றார் நாட்டார். வழக்கு அதோடு முடிந்தது.

எல்லம்மா எழுந்தாள். "இத்தினி வருசமா உங்களுக்காக என் ஊட்டுக்காரன் தப்பு சொன்னான். ஒரே ஒரு நாளு சரியா சொல்ல உட்டா உங்க குடி முழுகிடுமா? நீங்க காலைல வெட்டுங்க. நாங்க மத்தியானம் வெட்டுறோம்."

"எல்லம்மா, ஊரு சொல்ல மீறி மண்வெட்டியத் தூக்குனீங்கன்னா குடத்துல உங்க ஓல உழாது. எப்பவும் உழாது. ரோசன பண்ணிக்கோ."

அவள் வீட்டுக்கு நடந்தாள். சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்: "காலைன்னு ஒரு சொல்லு. சொல்றதுக்கு இன்னா கேடு?"

"கை ஈரமா இருந்திச்சு மே."

அவள் மூலையில் கிடந்த அப்பாவின் மண்வெட்டியை எடுத்து, காம்பு ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தாள்.

விடிந்ததும் ஊரே மணல் மேட்டில் இறங்கியது. பறை முழங்கியது, கற்பூரம் காற்றில் அணைந்தது. வெட்டினார்கள். மீனவர் கையில் மண்வெட்டி, விவசாயி கையில் வலை மாதிரி; மணல் பாதி அவரவர் தலையில் விழுந்தது. ஒருவழியாகக் கால்வாய் இரண்டு பக்கமும் தொட்டது. எல்லோரும் ஏரி பாயப்போகிறது என்று ஏரிப் பக்கம் பார்த்தார்கள். கடல்தான் பாய்ந்தது. ஒரு அலை கால்வாய் வழியாகக் கம்பீரமாக உள்ளே வந்து, ஊராரின் இடுப்பை நனைத்து, கொண்டுவந்த மணலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியது. அடுத்தது இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்தது. கஞ்சி குடிக்கிற வேளைக்குள் கால்வாய் இருந்த இடம், வெட்டியவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

"அம்மனுக்கு இஷ்டம் இல்ல. பௌர்ணமிக்குப் பாக்கலாம்" என்றார் நாட்டார்.

"பௌர்ணமிக்குள்ள என் நெல்லு கூழாயிடும்!" என்று உலகநாதன் தலையில் கை வைத்தார்.

உச்சி சாய்ந்தது. சிங்காரமும் எல்லம்மாவும் இரண்டே பேராக மணல் மேட்டில் ஏறி, அலை எங்கே வரை வருகிறது என்று பார்த்தார்கள். காலையில் அலை நனைத்த கோட்டுக்கு வெகு கீழே, காய்ந்த மணலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு பந்தி போடும் இடம் விட்டிருந்தது. ஊர்ச் சொல் மீறப்படுவதை நேரில் பார்த்துக்கொள்ள நாட்டார் மணல் மேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஊரும் உட்கார்ந்தது. எல்லம்மா முந்தானையைச் சொருகிக்கொண்டு முதல் வெட்டு வெட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் உலகநாதனும் மண்வெட்டியோடு இறங்கினார். "எங்க ஊருக்கு உங்க நாட்டாரு நாட்டாரு இல்ல" என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து அங்கே இருந்தவர்களில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் இறங்கியதும் மணல் கரைந்தது.

கால்வாயில் முதலில் வந்த தண்ணீரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கைக்குழந்தை மூத்திரம் போன மாதிரி ஒரு கோடு. கோடு மணலை நனைத்தது. நனைந்த மணல் சரிந்தது. சரிந்ததால் வழி அகலமாயிற்று. அகலமானதால் தண்ணீர் கூடுதலாக வந்தது. கூடுதலாக வந்ததால் இன்னும் சரிந்தது. வம்பு வளர்வது போல் வளர்ந்தது. முழங்கால் அகலம், தோணி அகலம், வீட்டு அகலம். திடீரென்று ஏரி, இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்த குரலை எடுத்து ஓவென்று கூவிக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தது. நீலக் கடலில் செம்மண் தண்ணீர் விசிறி மாதிரி விரிந்தது.

"மேல ஏறுங்க! ஏறுங்க!" என்று சிங்காரம் கத்தினார். மூவரும் தட்டுத் தடுமாறிக் கரை ஏறினார்கள். உலகநாதனின் மண்வெட்டி கடலுக்குப் போயிற்று. அவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார்.

நாட்டார் எழவில்லை. அவர் உட்கார்ந்திருந்த கரை ஓரம் இடிந்து விழுந்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அதுவும் இடிந்தது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். சொன்ன சொல்லில் துளியும் பின்வாங்காமல், உட்கார்ந்த இடத்தில் மட்டும் பின்வாங்கிக்கொண்டே இருந்தார். அதற்குள் அவர் பெண்சாதி தெய்வநாயகி எழுந்து ஓடி, துள்ளி விழும் மடவை மீன்களைப் புடவையில் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்து ஊரே எழுந்து ஓடியது. நண்டு ஓடியது, நண்டைத் துரத்திக்கொண்டு ஆள் ஓடியது. கூழைக்கடாப் பறவைகள், எங்கிருந்துதான் தகவல் கிடைத்ததோ, கூட்டமாக வந்து இறங்கிச் சண்டை போட்டன. கோட்டை மதிலில் ஒல்லாந்துக்காரர்கள் ஏறி நின்று தொப்பியை ஆட்டினார்கள். பறை அடிப்பவர் காலையில் அடித்த கூலிக்கே மறுபடியும் அடித்தார்.

சாயங்காலம் கடல் திரும்பி ஏறியது. இந்தத் தடவை கண்ணாடி மாதிரித் தண்ணீர், புது வாய் வழியாக மெள்ள உள்ளே வந்தது. எல்லம்மா ஒரு கை அள்ளிப் பார்த்தாள். உள்ளங்கையில் இமைமயிர் மாதிரி ஏதோ துடித்தது. ஒன்றில்லை, பல. இறால் குஞ்சுகள். வாசலில் இத்தனை நாள் காத்திருந்த வீட்டோடு மாப்பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவள் கையைத் தண்ணீருக்குள் வைத்து அவற்றை விட்டாள். ஏரி திறந்துவிட்டது. சிங்காரம் வீட்டுக்கு ஓலைதான் இல்லை.

சீட்டுப் போடுகிற நாள் வந்தது. குடம் நடுவில் இருந்தது. ஓலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிங்காரமும் எல்லம்மாவும் கூட்டத்தின் ஓரத்தில் விருந்தாளிகள் நிற்கிற இடத்தில் நின்றார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் ஓலையும் விழ வேண்டும் என்று ஆசைதான். நாட்டாருக்கும் இருந்ததோ என்னவோ, மூன்று நாளாக அவர் வீட்டில் தெய்வநாயகி அவரோடு பேசவில்லை. ஆனால் எப்பவும் விழாது என்று ஊர் நடுவில் சொன்ன சொல் இருக்கிறதே.

"மொதல்ல ஒரு வழக்கு கீது. ஊரு கட்டுப்பாட்ட மீறி இவங்க மண்வெட்டியத் தூக்கினாங்க. தொறந்துகிச்சு, சந்தோசம். ஆனா மீறுனது மீறுனதுதான். அபராதம் கட்டணும். ஊருக்கே எறா கொழம்பு வெச்சி சோறு போடணும்" என்றார் நாட்டார்.

"கட்ட முடியாது" என்றாள் எல்லம்மா.

"இன்னாது?"

"அபராதம் ஊர்க்காரனுக்குத்தானே போடுவீங்க? வெளியாளுக்கு எந்த ஊர்ல அபராதம் போட்டுகீறாங்க? கோட்டைத் தொரை மீறினா அவருக்குப் போடுவீங்களா? மரைக்காயருக்குப் போடுவீங்களா? என் ஊட்டுக்காரன் வெளியாளு. வந்தான், தப்பு சொன்னான், மீன் வாங்கிகினு போனான். அவனுக்கு உங்க கட்டுப்பாடே இல்ல."

நாட்டார் தாடையைச் சொறிந்தார். எல்லம்மா சொன்னதில் ஓட்டை இல்லை. வெளியாளுக்கு அபராதம் போடுகிற வழக்கம் எந்தக் குப்பத்திலும் கிடையாது. அபராதம் போடாமல் விட்டாலோ, ஊர்ச் சொல்லை மீறினவன் சும்மா போனான் என்று எளாவூர்வரை பேசுவார்கள். நாட்டாண்மைக்கே கேடு.

"அப்போ இவனுக்கு அபராதம் போட முடியாதா?"

"ஊர்க்காரனா இருந்தா போடலாம்" என்றாள் அவள், கடலைப் பார்த்துக்கொண்டு.

நாட்டார் அவளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். தெய்வநாயகியைப் பார்த்தார், அவள் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள்.

"எப்பவும் உழாதுன்னு நான் சொன்னது வெளியாளு ஓலைய. டேய், குடத்துல சிங்காரம் ஓலையப் போடுங்கடா! போட்டாச்சா? நல்லா குலுக்கு. ம். இப்போ நீ ஊர்க்காரன்தானே?"

"ஆமா நாட்டாரே" என்றார் சிங்காரம்.

"போட்டேன் அபராதம்! ஊருக்கே எறா கொழம்பு! பத்தாது, நண்டும் வெக்கணும்!"

விசில் பறந்தது. சிங்காரத்துக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. யார் யாரோ தோளில் தட்டினார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

"நாட்டாரே, நான் ரெண்டுவாட்டி மீறினேன். சரியா சொன்னது ஒண்ணு, வெட்டினது இன்னொண்ணு. ரெண்டுக்கும் தனித்தனியா போடுங்க."